சக்கரத்தின் முனகலை அலட்சியப்படுத்தாதீர்கள்

உங்கள் வீட்டு வாசலில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய புரோட்டோன் வீராவோ, பெரோடுவா கஞ்சிலோ நிற்கிறதா? நெடுஞ்சாலையில் வேகம் 80ஐத் தாண்டியதும் சக்கரப் பக்கமிருந்து 'ஊம்ம்' என்ற ஓசை கேட்கிறதா? வானொலியின் ஒலியைக் கூட்டிவிட்டால் அது கேட்காமல் போகலாம். ஆனால் பழுது அங்கேயேதான் இருக்கும்.

மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. ஆகவே பழைய காருக்கு முதல் பரிசோதகர் நீங்கள்தான்.

பேரிங் எப்படிப் பழுதாகிறது?

சக்கர பேரிங் என்பது உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் எஃகுக் குண்டுகள் அல்லது உருளைகள், கிரீஸ், அதைக் காக்கும் ரப்பர் மூடி ஆகியவை சேர்ந்தது. சுமார் 1,000 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 250 கிலோவைத் தாங்குகிறது. அந்தச் சுமை முழுவதும் குண்டுகள் வளையத்தைத் தொடும் மிகச் சிறிய பரப்புகளின் வழியாகவே செல்கிறது.

13 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 550 முறை சுழலும். 100,000 கிலோமீட்டரில் அது 55 மில்லியன் சுழற்சிகள். இப்படி மீண்டும் மீண்டும் அழுத்தப்படும் எஃகு களைத்துப்போகிறது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்விரிசல் தோன்றி, மேலே வளர்ந்து, ஒருநாள் செதிலாகப் பெயர்ந்துவிடும். அந்தக் குழியில் ஒவ்வொரு குண்டும் ஏறி இறங்கும்போது எழுவதுதான் நீங்கள் கேட்கும் முனகல்.

சுமைக்கும் ஆயுளுக்கும் ஒரு கணக்கு உண்டு. குண்டு பேரிங்கின் மீதான சுமை இரு மடங்கானால், ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். சுமை கால் பங்கு கூடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். வெள்ளமும் பெரிய எதிரி. ஓடிச் சூடான பேரிங் திடீரென நீரில் மூழ்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, பழைய மூடியின் வழியே நீரை உள்ளே இழுக்கும். பிறகு கிரீஸ் கெட்டு, துருப்பிடிக்கத் தொடங்கும்.

எந்தப் பக்கம்? எந்தப் பாகம்?

டயர் ஓசை சாலையின் மேற்பரப்புக்கு ஏற்ப மாறும். பேரிங் ஓசையோ வேகத்துடன் சீராக உயரும். வலப்பக்கம் வளையும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். அப்போது ஓசை கூடினால் இடப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கம்.

அடுத்தது பட்டறையில் செய்யும் சோதனை. காரை உயர்த்தி, தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால், ஒருவர் பிரேக்கை மிதிக்க மீண்டும் ஆட்ட வேண்டும். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில் இருக்கிறது. தொடர்ந்தால் பால் ஜாயிண்ட் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் தளர்ச்சி தெரிந்தால், அது பெரும்பாலும் ஸ்டீயரிங்குடன் இணையும் டை ராட் முனையாக இருக்கும்.

இவற்றுள் பால் ஜாயிண்டைத் தள்ளிப்போடவே கூடாது. அது கழன்றால் சக்கரம் மடங்கிக் கார் கட்டுப்பாட்டை இழக்கும். முற்றிப்போன பேரிங்கும் சூடேறி இறுகலாம், சக்கரத்தையே தளர்த்திவிடலாம்.

அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதிக்கும் ஆற்றலை, எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி வெப்பமாக மாற்றி அடக்குவதே அப்சார்பரின் வேலை. எண்ணெய் கசிந்துபோனால் மேடுபள்ளங்களில் டயர் சாலையைச் சரியாகப் பற்றாது. பிரேக் பிடித்தால் கார் நிற்கக் கூடுதல் தூரம் தேவைப்படும். ஒரே அச்சிலுள்ள இரண்டு அப்சார்பர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதியது, மற்றொன்று பழையது என்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். கருவி நழுவினால் உயிருக்கே ஆபத்து.

பொருத்துவதில்தான் ஆயுள்

புதிய பேரிங் சில மாதங்களிலேயே மீண்டும் முனகினால், பொருத்திய முறையையும் பாருங்கள். வெளிவளையத்தை அதன் இருப்பிடத்தில் இறுக்கும்போது, அழுத்தம் வெளிவளையத்தின் மீதே விழ வேண்டும். உள்வளையத்தைத் தள்ளினால் விசை குண்டுகள் வழியாகச் சென்று வளையத்தில் பள்ளம் உண்டாக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் அதே கதிதான். நடு நட்டை, தயாரிப்பாளர் கூறும் அளவுக்கு டார்க் கருவியால் முறுக்க வேண்டும்.

லோவர் ஆர்ம் ரப்பர் புஷ்ஷிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், விரைவில் கிழிந்துவிடும். காரின் எடை சக்கரத்தில் இருக்கும் நிலையில்தான் கடைசி இறுக்கம் செய்யப்பட வேண்டும்.

செலவைக் குறைக்க 'ஹாஃப் கட்' கடைகளை நாடுவோர் பலர். வளையாத, துருவேறாத இரும்புப் பாகங்களை அங்கு வாங்கலாம். பேரிங், பால் ஜாயிண்ட், புஷ் ஆகியவற்றை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். அவற்றின் களைப்பு கண்ணுக்குத் தெரியாது.

பட்டறையில் "எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்றால், எந்தப் பாகத்தில் ஆட்டம் என்று காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டுப் பாருங்கள். டை ராட், லோவர் ஆர்ம் போன்றவற்றை மாற்றினால் அலைன்மெண்ட் செய்யாமல் புறப்படாதீர்கள். புதிய டயரும் ஓரம் தேய்ந்துவிடும். தீபாவளிக்குச் சொந்த ஊர் போகும் முதல்நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், இரண்டு வாரம் முன்பே முடித்து, காரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.