2 நாள் பாண்டி ட்ரிப்: குழந்தைகளை விட்டுவிட்டுப் போவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

“இந்த மாசம் பாண்டி போலாமா?” என்று கல்லூரித் தோழிகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்பார். அடுத்த நிமிடமே நாலு பேர் ஹார்ட் விடுவார்கள். இரண்டு நாள் கழித்து ஒருவருடைய குழந்தைக்குக் காய்ச்சல். இன்னொருவர் வீட்டில் மாமியார் ஊரில் இல்லை. மூன்றாமவரின் மகனுக்கு திங்கட்கிழமை யூனிட் டெஸ்ட். அத்தோடு குரூப் கப்சிப்!

இத்தனைக்கும் சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கி.மீ.தான். ஈசிஆர் வழியாக மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். லீவ் போடத் தேவையில்லை. நாலு பேர் பகிர்ந்தால் பெரிய செலவும் இல்லை. அப்படியானால் ட்ரிப் எங்கே நின்றுபோகிறது? பெரும்பாலும் வீட்டு வாசலிலேயேதான்.

யார் கையில் எவ்வளவு வேலை?

மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு ஒரு விடை தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கு இது 88 நிமிடங்கள். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் பெண்களுக்கு 137, ஆண்களுக்கு 75.

தடுப்பூசித் தேதி, ஸ்கூல் டைரியில் கையெழுத்து, தீர்ந்துபோன பால் பவுடர் என்று எல்லாவற்றையும் ஒருவரே மனதில் வைத்திருக்கிறாரே, அது எந்த நிமிடக் கணக்கிலும் வராது. ட்ரிப்பைத் தடுப்பது முக்கியமாக அதுதான். வேலையை யாரிடமாவது கொடுக்கலாம். நினைவில் வைத்திருக்கும் பொறுப்பைக் கொடுக்கத்தான் நாம் பழகவில்லை.

நண்பர்களோடு ட்ரெக்கிங் போகும் அப்பாவிடம் “குழந்தையை யார் பார்த்துக்கிறாங்க?” என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவிடம் முதல் கேள்வியே அதுதான்.

எல்லாம் சமைத்து வைத்துவிட்டுப் போனால்?

பலரும் செய்வது இதுதான். வெள்ளிக்கிழமை இரவு 12 மணி வரை நின்று மாவு அரைத்து, இரண்டு குழம்பு வைத்து, டப்பாவில் பெயர் ஒட்டி ஃப்ரிட்ஜில் அடுக்குவார்கள். சனிக்கிழமை பாண்டி போய்ச் சேர்ந்ததும் தூங்கி வழிவார்கள். இரண்டு நாள் வேலையை ஒரே ராத்திரியில் முடித்தால் அது ஓய்வு இல்லை, ஓவர்டைம்!

பொறுப்பை முழுசாக ஒப்படைப்பதே சரி. என்ன சமைப்பது, எப்போது குளிப்பாட்டுவது என்பதை அப்பா முடிவு செய்யட்டும். சனிக்கிழமை மதியம் பரோட்டா பார்சல் வந்தாலும் உலகம் அழிந்துவிடாது. அவருக்குத் தெரியாத விஷயங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்:

- வழக்கமான மருந்து, அளவு, நேரம்
- ஒத்துக்கொள்ளாத உணவு
- குழந்தை மருத்துவரின் எண், இரவில் திறந்திருக்கும் பக்கத்து மருத்துவமனை
- திங்கட்கிழமை பள்ளிக்குத் தேவையானவை

இந்த நாலு வரி போதும். நாற்பது வரி எழுதினால், பாண்டியில் இருந்துகொண்டே ரிமோட்டில் வீட்டை நடத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

பாட்டியிடம் விட்டால் போதாதா?

அவசரத்துக்குப் பாட்டி இருப்பது பெரிய வரம். ஆனால் அப்பா வீட்டில் இருக்கும்போதே மொத்த வேலையும் பாட்டி தலையில் விழுந்தால், ஒரு பெண்ணின் சுமை இன்னொரு பெண்ணுக்கு மாறியது, அவ்வளவுதான். அவருக்கு முட்டி வலியும் இருக்கும். அப்பா பொறுப்பு, பாட்டி துணை என்று முதலிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

குழந்தையிடம் என்ன சொல்வது?

தூங்கும்போது நைசாக நழுவிப் போகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது அப்போதைக்கு அழுகையைத் தவிர்க்கும். அடுத்த முறை அம்மா பாத்ரூம் போனாலும் குழந்தை பின்னாலேயே வரும். உண்மையைச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைக்குத் தேதி புரியாது. “இன்னைக்கு ராத்திரி அப்பாகூட தூங்கு. நாளைக்கு ராத்திரி அம்மா வந்துடுவேன்” என்றால் புரியும்.

வீடியோ கால் நேரத்தை முன்பே பேசி வையுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் அம்மா முகத்தைப் பார்த்தால் பல குழந்தைகளுக்கு ஏக்கம் அதிகமாகும். சாயங்காலம் விளையாடும் நேரத்தில் ஒரு கால் நல்லது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் இரவு தங்காமல் ஒரு பகல் மட்டும் போய்வரலாம்.

பாண்டியில் என்ன செய்யலாம்?

பட்டியலை நீட்டிக்கொண்டே போகாமல் ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. யார் கையையும் பிடித்து இழுக்காமல் நிம்மதியாக நடக்கலாம். ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களில் செல்ஃபி எடுத்த பிறகு, கால்வாயைத் தாண்டித் தமிழர் பகுதிக்கும் வாருங்கள். திண்ணை வைத்த பழைய வீடுகள் அங்கேதான். 1908 முதல் 1918 வரை பாரதியார் வாழ்ந்தது இந்த ஊரில்தான். ஈஸ்வரன் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாத்மா காந்தி சாலையில் சண்டே மார்க்கெட் களைகட்டும்.

குழந்தைகளோடு போனால் பார்க்க முடியாத இடங்களும் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தில் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. மற்றவர்களும் அமைதி காக்க வேண்டும். ஆரோவில் மாத்ரி மந்திரின் உள் அறைக்கு முன்பதிவு கட்டாயம். அங்கே சின்னக் குழந்தைகளை அழைத்துச் செல்ல முடியாது. கைக்குழந்தையோடு வந்து வாசலிலேயே திரும்பியவர்களுக்கு இது நல்ல சான்ஸ்.

சனிக்கிழமை ரூம்கள் சீக்கிரம் நிரம்பும், வாடகையும் ஏறும். முன்கூட்டியே புக் செய்யுங்கள். எல்லோரும் அடையாள அட்டை வைத்திருங்கள். எல்லா நேரமும் சேர்ந்தே சுற்ற வேண்டும் என்றும் இல்லை. ஒருவருக்கு மதியம் தூங்கத் தோன்றினால் தூங்கட்டும். பல வருஷ பாக்கி அது.

செலவு?

பட்ஜெட்டைக் கிளம்பும் முன்பே பேசுங்கள். பொதுச் செலவுக்கு ஆளுக்கு ஒரு தொகை போட்டு ஒருவரிடம் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு பில்லுக்கும் கணக்குப் பார்க்க வேண்டாம். ஷாப்பிங் அவரவர் பாடு. குரூப்பில் ஒருவர் வேலையை விட்டிருக்கலாம், ஒருவர் இஎம்ஐயில் திணறலாம். குறைந்த பட்ஜெட் உள்ளவரை வைத்து ஹோட்டலை முடிவு செய்தால் யாரும் சாக்குச் சொல்லி விலக வேண்டியிருக்காது.

வீட்டில் துணைக்கு ஆளே இல்லை என்றால்?

தனியாகக் குழந்தை வளர்ப்பவர்களும், வெளிநாட்டில் கணவர் வேலை பார்க்கும் வீடுகளும் உண்டு. இவர்களுக்கு நண்பர்களே துணை. இந்த மாதம் இருவர் போக, அவர்களின் குழந்தைகளை மற்ற இருவர் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் முறை மாறும். முதலில் ஒரு பகல், பிறகு ஒரு இரவு என்று பழக்கினால் குழந்தைகளுக்கும் ஒரு புது வீடு கிடைக்கும்.

திரும்பி வந்ததும்...

ஞாயிறு இரவு கதவைத் திறந்தால் சிங்க்கில் பாத்திரம் குவிந்திருக்கலாம். யூனிஃபார்ம் அயர்ன் ஆகாமல் இருக்கலாம். உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். எடுத்தால், “நீ இல்லாம நடக்காது” என்பதை நீங்களே நிரூபித்தது போலாகிவிடும். “என்னங்க, எப்படிப் போச்சு?” என்று கேட்டு உட்காருங்கள். எது கஷ்டமாக இருந்தது என்று அவர் சொல்லட்டும். அதில் எதை இனிமேல் வாராவாரம் அவரே செய்வது என்று அன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். பாண்டியில் வாங்கிய ஊதுபத்தி சில வாரத்தில் தீர்ந்துவிடும். இந்த மாற்றம் நின்றால் வருஷம் முழுக்க உதவும்.