அகக்காழ்

வளர்ச்சி வேறு, பருத்தல் வேறு. உயிர் தன் இயல்புக்கு உரிய முழுமையை நோக்கி உள்ளிருந்து ஒழுங்குற விரிவது வளர்ச்சி. அளவு மட்டும் புறத்தே மிகுவது பருத்தல். வளர்ச்சி இடையறாத ஓட்டமே ஆயினும், அவ்வோட்டத்தில் பொருளின் தன்மை மாறும் இடங்கள் சில உண்டு. அவ்விடங்களை எல்லையாகக் கொண்டு பகுத்த பகுதியே பருவம். இப்பகுப்பில் தமிழ் மக்கள் காட்டிய கூர்மை பெரிது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஒரு பூவின் வாழ்நாளுக்கே ஏழு பெயர் வகுத்தனர். இலைக்குக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு எனப் படி அமைத்தனர். இத்தகைய சொல்வளத்தைத் தொகுத்து, நிலைதோறும் பெயர் வேறாவது நுண்ணிய நோக்கின் விளைவே எனக் காட்டியவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981). அவர் கிறித்தவக் குடியிற் பிறந்தவர். பூவுக்கும் இலைக்கும் பருவப்பெயர் தந்த மொழி, கிறித்தவரின் உள்வாழ்வுக்கும் அதனைத் தர வல்லது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இறையருள் மாந்தனுக்குள் வித்தாக விழுந்து, அவனுடைய ஒப்புதலோடும் உழைப்போடும் முளைத்து, கிறித்துவின் சாயலை அவனில் உருவாக்கும் வாழ்வை அருள்வாழ்வு என்போம். அதன் பருவங்களை ஆராயும் துறை அருள்வளரியல் ஆகும். பருவங்கள் மூன்று என்பதே பெருவழக்கு. தீவினைக் கறை கழுவப்படும் பருவம் கறைநீங்குநிலை. இறையுண்மைகள் உள்ளத்தில் துலங்கும் பருவம் ஒளிபெறுநிலை. தன் விருப்பும் இறைவிருப்பும் வேறற இயையும் பருவம் ஒன்றுநிலை. இன்னும் இரு சொற்கள் நமக்கு வேண்டும். எண்ணத்தால் இறைவனை நாடுவது ஊழ்கம். எண்ணம் ஓய்ந்தபின் அன்பினால் அவன்பால் நிலைத்திருப்பது அன்புநோக்கு. இவ்வைந்து சொல்லையும் கையிற் கொண்டால் இத்துறையின் பெரும்பகுதியைக் கடன்சொல் இன்றியே பேசலாம்.

இவ்வாய்வுக்கு மறையூரினும் பொருத்தமான களம் ஒன்றை யான் அறியேன். மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை நோக்கி இறங்கும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அமைந்த ஊர் இது. எனினும் காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் மற்ற அஞ்சுநாட்டு ஊர்களைப் போலவே தமிழ் வழங்கும் ஊர். மறை என்னும் சொல் ஒளிந்திருப்பதையும் சுட்டும், திருமறையையும் சுட்டும். இங்கே வயலில் நிற்பது கரும்பு, காட்டில் நிற்பது சந்தனம். நிலைத்திணையை இரண்டாகப் பகுத்த தொல்காப்பியர், புறத்தே வன்மை உடையதைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையதை மரம் என்றும் மரபியலில் வரையறுத்தார்; அவ்வன்மைக்கு அவர் ஆண்ட சொல் காழ். அவ்வரையறைப்படி கரும்பு புறக்காழ் உடையது, சந்தனம் அகக்காழ் உடையது. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில் செழித்து நிற்கும் காட்சியே நமக்கு ஒரு பாடநூல்.

கோயில் ஒழுங்குகளைப் பிழையாது காக்கும் வன்மையைப் புறக்காழ் எனலாம். பிறர் கண்ணுக்குப் புலனாகாது உள்ளத்தில் ஏறும் உறுதியை அகக்காழ் எனலாம். புறக்காழை இகழ்வது என் கருத்தன்று. தோல் வலுவற்ற கரும்பு நிமிர்ந்து நில்லாது, சாறும் அதில் தங்காது. ஆயினும் பருவம் அறிய விழைவோர் நாட வேண்டியது அகக்காழையே. மரத்தைப் பிளவாமல் காழைக் காண்பது அரிது என்பதால்தான், பருவம் அறிதல் தனியொரு கலையாக வளர்ந்தது.

பருவங்களின் எண்ணிக்கையில் பெரியோர் வேறுபட்டனர். எகிப்தின் பாலையில் வாழ்ந்து 399இல் மறைந்த துறவி எவாகிரியு மூன்று கண்டார். 13ஆம் நூற்றாண்டின் பொனவெந்தூராவும் மூவழி என்றே நூல் செய்தார். கிளேர்வோ பெர்நார்து அன்பின் படி நான்கு என்றார். சீனாய் மலையின் ஏணி யோவான் முப்பது படி அடுக்கினார். நம் நெல்லை மண்ணின் எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900), சான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதையை முதலாகக் கொண்டு, 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தை 3766 பாடல்களில், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவமாக வகுத்தார். பெயர்கள் வடசொல்லாயினும் வரிசையை உற்று நோக்குக: மீட்பின் பருவத்துக்கு நேர் முன்னே அவர் நிறுத்தியது காட்டின் பருவம். சைவரும் சீலம், நோன்பு, செறிவு, அறிவு என நாற்படி கண்டவர் ஆதலின், இவ்வகைப் பகுப்பு தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. எண் மாறுவதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கரும்பில் எத்தனை கணு என்பது எண்ணுவோன் எங்கே தொடங்குகிறான் என்பதைப் பொறுத்தது.

கறைநீங்குநிலையை விளக்க மறையூரின் வெல்லக் கொட்டகைக்குள் சற்றே நிற்போம். அகன்ற கொப்பரையில் கரும்புச்சாறு. அடியில் சக்கை எரியும் தீ. வார்க்கும்போது சாறு மாசற்றதாகவே தோன்றும். சூடு ஏற ஏற ஓரங்களில் கருத்த நுரை ஒதுங்கும். சுண்ணாம்பு இட்டதும் அழுக்கு திரண்டு மேலே மிதக்கும். நீண்ட கைப்பிடி கொண்ட துளைக்கரண்டியால் அதனை அள்ளி அள்ளி வெளியே எறிவர். அவ்வழுக்கைத் தீ ஆக்கவில்லை. சாற்றில் முன்னரே கரைந்திருந்ததைத் தீ வெளிக்கொணர்ந்தது, அவ்வளவே. அருள்வாழ்வில் புதிதாக அடி வைத்தவர் பலர், ஓரிரு ஆண்டில், தாம் முன்னினும் தீயவராகிவிட்டதாக வருந்துவர். சினமும் அழுக்காறும் தற்பெருமையும் இதற்கு முன் இவ்வளவு இருந்ததில்லையே என்பர். இருந்தன, கண்டதில்லை. தன் குற்றம் தனக்குப் புலப்படுவதும், பிறர் குற்றத்தை எண்ணும் பழக்கம் தானே குறைவதும் இப்பருவத்தின் உண்மையான குறிகள். இவற்றை வீழ்ச்சி எனப் பிறழ உணர்ந்து பாதியில் திரும்பியோர் எத்தனை பேர் என எண்ணும்போது, பருவம் அறிவிக்கும் கல்வி நம் கோயில்களில் இவ்வளவு அருகிப்போனதே என நெஞ்சு வருந்துகிறது.

அக்கொட்டகையில் கற்க இன்னொன்றும் உண்டு. கொப்பரைக்குள் இருக்கும்வரை பதம் வந்த பாகும் வாராத பாகும் ஒன்றுபோலவே குமிழியிடும். பதம் அறிய விரும்புவோர் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விடுவர். கரைந்து பரவினால் இன்னும் காய வேண்டும், விரலுக்குள் உருண்டு நின்றால் இறக்கலாம். அதன்பின் மரத்தொட்டியில் கொட்டி ஆற்றிக் கையால் உருட்டுகின்றனர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் அவ்வாறு வருவதே. வேண்டல் கூட்டத்தின் வெம்மையில் எல்லா உள்ளமும் பொங்கும்; வீட்டில் ஒரு சுடுசொல், பங்காளியின் ஒரு வழக்கு, நோயுற்ற தாயின் மூன்றாம் இரவு ஆகியவையே அத்தண்ணீர். கலாத்திய மக்களுக்கு எழுதிய மடலில் பவுல் அடிகள் தூய ஆவியின் கனியாக எண்ணிய ஒன்பதில் பொறுமை, பரிவு, கனிவு போன்றவை, எதிரே இன்னொரு மாந்தர் இல்லாமல் அறியவே இயலாதவை.

இனி ஒளிபெறுநிலையும் அதன் வாயிலில் நிற்கும் வறட்சியும். இதுவே இத்துறையில் மிகுதியும் பிழைபட உணரப்படும் பகுதி ஆதலின் சற்று விரித்துரைப்பேன். சந்தனத்தின் வெளிக்கட்டை வெண்மையானது, மணமற்றது. அதற்கு வெளிறு என்று பெயர், அச்சொல் அறியாமையையும் குறிக்கும். மணமும் நெய்யும் காழில் மட்டுமே உள்ளன. நட்ட மரத்தில் காழ் உடனே தோன்றுவதில்லை. பெரும்பாலும் பத்தாண்டு கடந்தே அது ஏறத் தொடங்கும். செழுமண்ணும் மிகுநீரும் பெற்ற மரம் விரைந்து பருக்கும், ஆயின் காழ் சிறிது; வறண்ட, கல் மிகுந்த நிலத்தில் மெல்ல ஓங்கிய மரத்தில் காழ் மிகுதி. தென்மேற்குக் காற்று கொணரும் மழையை மூணாற்று மலைகளே பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால், மறையூர் மழைமறைவு நிலமாயிற்று. சந்தனத்துக்கு அவ்வறட்சியே வாய்ப்பாயிற்று. கட்டை காழாக மாறுகையில் அப்பகுதியில் உயிரோடிருந்த அணுக்கள் இறக்கின்றன. இறக்கும்போது அவை விட்டுச்செல்லும் பொருள்களே மணமாகின்றன.

வேண்டலில் இனிமை வற்றி, ஊழ்கம் கைகூடாது, திருமறைச் சொற்கள் உமிபோலத் தோன்றும் காலம் அருள்வாழ்வில் வரும். எசுபானிய நாட்டுச் சிலுவை அருளப்பர் (1542–1591) இதனை இரவு என்றார். அது வளர்ச்சியின் இரவா, தளர்ச்சியின் இரவா எனத் தேர மூன்று குறிகளும் தந்தார். இறைவனிடத்தில் சுவை இல்லை, ஆனால் உலகப் பொருளிலும் இல்லை. இறைவனுக்குத் தொண்டாற்றத் தவறுகிறோமோ என்னும் கவலை நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. முயன்றாலும் முன்போல எண்ணி எண்ணி ஊழ்கம் செய்ய இயல்வதில்லை. மூன்றும் ஒருங்கே நிற்பின், ஊழ்கம் முடிந்து அன்புநோக்கு தொடங்குகிறது என்று பொருள். இவற்றுள் நடுவண் குறியே உரைகல் என்பது என் கருத்து: சோம்பலால் வறண்டவனுக்குத் தன் வறட்சி உறுத்துவதில்லை. இஞ்ஞாசியார் (1491–1556) வறட்சியின் ஏதுக்களையும் மூன்றாகப் பகுத்தார்: நம் அசட்டை, நம் உறுதியைத் தேரும் தேர்வு, இனிமை நம் உடைமையன்று கொடையே என்னும் பாடம். வறண்ட காலத்தில் முன் செய்த நல்ல முடிவை மாற்றற்க என்பதும் அவர் வகுத்த விதி. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்வேன்: உடல்நிலையாலும் உளநோயாலும் வரும் சோர்வு வேறு. சிலுவை அருளப்பரே அவ்வேறுபாட்டை அறிந்து எழுதியவர். அத்தகையோரை மருத்துவரிடம் அனுப்பாமல் அருளின் இரவு எனப் பெயரிட்டு வீட்டில் இருத்துவது கொடுமை.

சந்தனம் அரை ஒட்டுண்ணி. அதன் வேர் அண்டையில் நிற்கும் மரஞ்செடிகளின் வேரைப் பற்றி, உறிஞ்சுறுப்பு ஒன்றைச் செலுத்தி, நீரும் உப்பும் பெறும். துணைச்செடி இல்லாத இளங்கன்று சில காலம் பசுமையாக நின்று பின் மெலிந்து வாடும். தன் பருவத்தைத் தானே தனித்திருந்து தேர முயல்வோர்க்கும் இதுவே நேர்கிறது. ஆகவேதான் நெறியாளர் ஒருவரிடம் உள்ளத்தைத் திறந்து காட்டும் வழக்கம், பாலைத் துறவியர் காலந்தொட்டு இடையறாது வந்தது.

ஒன்றுநிலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி சிறிது. அதனைக் கண்டெழுதியவரைச் சுட்டுவதோடு அமைவேன். மூணாற்றில் 1898இல் எழுந்த கார்மேல் அன்னை கோயில், எசுபானியக் கார்மேல் துறவி ஒருவர் தொடங்கியது. அவர்தம் துறவுக் குடும்பத்தைச் சீர்திருத்தியவர் அவிலாத் தெரேசா. 1577இல் அவர் எழுதிய நூல் உள்ளத்தை ஏழு மாளிகையாகப் பகுக்கிறது. ஏழாவதன் முதற்குறியாக அவர் காட்டுவது தன்னை மறத்தல். அதன் நோக்கமாகக் காட்டுவது நற்செயல். மார்த்தாவின் உழைப்பும் மரியாவின் அமர்வும் அங்கே ஒரே ஆளிடம் கூடும். அங்கிருப்பவர் தாம் எம்மாளிகையில் உள்ளோம் எனக் கேட்பதை விட்டுவிடுகிறார். ஆதலின் அப்பருவத்தை அவரைக் கேட்டு அறிய இயலாது, அவரால் ஆறுதல் பெற்றவரைக் கேட்டே அறியலாம்.

இதற்கும் முன்னர்த் தம் வாழ்க்கை நூலில் தெரேசா வேண்டலின் படிகளைத் தோட்டத்துக்குப் பாயும் நான்கு நீராக உவமித்தார்: கிணற்றிலிருந்து கையால் இறைக்கும் நீர், வாளி கோத்த உருளை இறைக்கும் நீர், ஓடையிலிருந்து பாயும் நீர், வானிலிருந்து பொழியும் மழை. நீர் மிக மிக, இறைப்பவன் உழைப்புக் குறையும். நான்காவதில் அவன் உழைப்பே இல்லை. மறையூரில் ஓடைநீரை வாய்க்காலிற் கொணர்ந்து கரும்புக்குப் பாய்ச்சும் உழவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. ஆடி முழுதும் அவர்கள் கண்முன்னே மேற்கு மலைமுடியில் முகில் கருத்து நிற்கும். அங்கேயே பொழிந்து தீரும். கீழே வெறுங்காற்று இறங்கும். ஐப்பசியில் காற்றுத் திரும்புகிறது. அப்போது எதிர்த்திசையான வடகிழக்கிலிருந்து வரும் மழை வயலையும் சந்தனக் காட்டையும் ஒருசேர நனைத்து, பாம்பாற்றில் இறங்கி, அமராவதியோடு சேர்ந்து உடுமலைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது.