தட்டான்களை இனம் பிரிப்பது எப்படி?

உட்காரும்போது நான்கு சிறகுகளையும் விரித்தே வைத்திருப்பது தட்டான். அவற்றை மடக்கி, வயிற்றின் மேல் ஒட்டினாற்போல் வைத்துக்கொள்வது பெரும்பாலும் ஊசித்தட்டான். கண்களையும் பார்க்க வேண்டும்: ஊசித்தட்டானுக்கு அவை தலையின் இரு ஓரங்களில் விலகி நிற்கும், தட்டான்களில் பலவற்றுக்கு உச்சியில் ஒன்றையொன்று தொடும்.

அர்ஜுனா நதியில் உள்ள ஆனைக்குட்டம் அணை போன்ற சமவெளி நீர்நிலைகளில் அடுத்த கேள்வி, எந்தத் தட்டான் என்பது. நிறத்தை மட்டும் நம்பினால் தவறு நேரும். டிப்ளகோடெஸ் டிரிவியாலிஸ் ஆண், இளமையில் பச்சை கலந்த மஞ்சளாக, பெண்ணைப் போலவே இருக்கும். முதிர முதிர உடலில் நீலப் பொடி படிந்து ஆளே மாறிவிடும். ஒரே இனத்தை இரண்டாகக் குறித்துக்கொள்வது இங்கேதான் நேர்கிறது.

சிவப்புத் தட்டான்களிலும் இதே குழப்பம். கிராகோதெமிஸ் செர்விலியா ஆண் ரத்தச் சிவப்பு. வயிற்றின் முதுகுப்புறத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். டிரைதெமிஸ் அரோரா ஆணின் சிவப்பில் ரோஜா நிறம் கலந்திருக்கும். சிறகு நரம்புகளும் சிவந்திருக்கும்.

சில இனங்களுக்கு உடல்வாகே அடையாளம். ஆர்த்தெட்ரம் சபினாவின் வயிறு அடியில் பருத்து, நடுவில் ஒடுங்கும். மற்றத் தட்டான்களையே பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன் இது. பிராடினோபைகா ஜெமினாட்டா சாம்பலும் கறுப்புமாகப் புள்ளியிட்டது. பாறையிலோ காம்பவுண்டுச் சுவரிலோ உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் பொன்மஞ்சள் பாண்டாலா ஃபிளேவசென்ஸின் பின்சிறகு அடியில் மிக அகலமானது. இளைப்பாறும்போது கிளையில் செங்குத்தாகத் தொங்கும். இது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை கடல் கடந்து போகிறது என்ற கருத்தை 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் முன்வைத்தார். இவ்வளவு சிறிய உயிருக்கு அது வியக்கத்தக்க பயணம்.

உறுதியான சான்றுகள் சிறகு நரம்பு அமைப்பிலும் வால் நுனி உறுப்புகளிலும் உள்ளன. இந்தியத் தட்டான்களைப் பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய ராணுவ மருத்துவர் எஃப். சி. ஃப்ரேசர் இவற்றைப் பெரிதும் பயன்படுத்தினார். ஆணை அறிய, பத்துக் கண்டங்கள் கொண்ட வயிற்றில் இரண்டாவதன் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இணைசேர்க்கை உறுப்பு புடைத்திருக்கும். ஆகவே, பிடித்துத் துன்புறுத்தாமல் படம் எடுப்பவர்கள் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால் நுனியை நெருங்கி ஒன்று என எடுத்துக்கொண்டால் பெரும்பாலான இனங்களைப் பிரித்துவிடலாம்.