முதுகைத் தாங்கும் அரண்

திருவண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. விடியற்காலையில் அப்பகுதியில் நடப்போரையும் ஓடுவோரையும் காணலாம். ஓடுபவர் ஊன்றும் ஒவ்வோர் அடியிலும் தரையின் எதிர்விசை கால்வழியே ஏறி இடுப்பை அடைகிறது. அதனைத் தாங்கும் முதுகெலும்பு, நாற்புறமும் கயிறுகளால் இழுத்துக் கட்டிய பந்தற்கால் போன்றது. முன்னே வயிற்றுத் தசைகள், பின்னே முள்ளெலும்புகளை ஒட்டிய தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள் ஆகியவையே அக்கயிறுகள். இவற்றை உடல்நடுத் தசைகள் எனலாம்.

இடுப்புவலி 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி எனப்படும். 1996ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். நலமுடைய ஒருவர் கையை விரைந்து உயர்த்தும்போது, கை அசையும் முன்பே அவருடைய ஆழ்வயிற்றுத் தசை இறுகி முதுகைக் காக்கிறது. இடுப்புவலி உடையவர்களிடம் அத்தசை தாமதமாகவே இறுகியது. காவலன் பிந்தினால் கோட்டை தாக்குறுவது இயல்பன்றோ!

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் கீழ்முதுகு எலும்பில் விரிசல்கள் ஏற்பட்டன. அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது எனப் பலரும் கருதினர். அவரோ மாவுக்கட்டுடன் ஓய்வெடுத்து, எலும்பு ஆறியபின் முறையாக உடலை வலுப்படுத்தி, பந்துவீசும் முறையையும் திருத்திக்கொண்டு, 1974இல் மீண்டும் களமிறங்கினார். டெஸ்ட் போட்டிகளில் 355 விக்கெட்டுகள் வீழ்த்தி ஓய்வுபெற்ற அவர், 1987 முதல் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் இளம் வீரர்களை உருவாக்கினார்.

உடல்நடுப் பயிற்சிக்குக் கருவிகள் தேவையில்லை. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டி, முதுகு வளையாமல் 10 வினாடிகள் நிற்க வேண்டும். பின்னர்ப் பக்கம் மாற்ற வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பை உயர்த்துவது மற்றொரு பயிற்சி. மூச்சை அடக்குதல் கூடாது. எண்ணிக்கையைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும். வலி மிகுந்தாலோ, கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரை நாட வேண்டும்.

அணியில் இடம் போய்விடும் என்று அஞ்சி வலியை மறைக்கும் மாணவர் பலர். மறைத்த வலி வளரும். உரிய காலத்தில் பயிற்றுநரிடம் கூறுவதே களத்திற்குத் திரும்பும் முதல் அடியாகும்.