பழைய வாகனங்களின் தண்டு மூட்டுக்கள்: தேய்வை அறிதலும் பேணுதலும்

நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் கமக்காரர் பலர் பழைய லொறிகளையும் கெப் வாகனங்களையுமே பயன்படுத்துகின்றனர. எஞ்சின் நன்னிலையில் இருப்பினும், அதன் விசையைச் சில்லுகளுக்குக் கடத்தும் தண்டின் மூட்டு முறிந்தால் வாகனம் வழியில் நின்றுவிடும். இரவில் நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குப் புறப்பட்ட கோவாவும் லீக்சும் உரிய வேளைக்குச் சந்தையை அடையாவிடின், ஒரு போகத்தின் உழைப்பு வாடிப் போகும். மூட்டுக்களோ பெரும்பாலும் முன்னறிகுறி காட்டிய பின்னரே முறிகின்றன. அவற்றை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

மூட்டுக்களின் வகை

பின் சில்லுகளால் இயங்கும் வாகனத்தில், கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டின் முனைகளில் சிலுவை வடிவான உருக்குத் துண்டுகள் உண்டு. வேலைத்தலங்களில் இவற்றைக் குறோஸ் என்பர். இதன் நான்கு முனைகளும் ஊசி போன்ற சிறு உருளைகள் நிறைந்த கிண்ணங்களுள் அசைகின்றன.

முன் சில்லுகளால் இயங்கும் வாகனங்களிலும், நான்கு சில்லுகளும் இயங்கும் கெப் வாகனங்கள் பலவற்றிலும், முன் தண்டுகளில் உருக்குக் குண்டுகள் அடங்கிய சீ.வீ. ஜொயின்ற் உண்டு. மடிப்புள்ள றப்பர் உறை இதனை மூடிக் கிறீசைக் காக்கின்றது. உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேற, வயற்சேறும் மணலும் உட்புகுந்து உருக்கை அராவிவிடும்.

அறிகுறிகள்

1. வாகனம் புறப்படும்போதும், பின் கியருக்கு மாற்றும்போதும் 'டக்' என்னும் ஒலி: குறோஸ் தேய்ந்திருக்கலாம்.
2. மெதுவாகச் செல்லும்போது கீச்சொலியும், கிண்ண விளிம்பில் செந்நிறத் துருத்தூளும்: கிறீஸ் வற்றிவிட்டது.
3. வேகம் கூடும்போது தரைப்பலகையில் நடுக்கம்: தண்டையும் குறோசையும் சோதித்தல் வேண்டும்.
4. ஸ்ரேரிங்கை முழுவதும் திருப்பிச் செல்லும்போது 'டக், டக்' என்னும் தொடரொலி: சில்லுப் பக்கத்துச் சீ.வீ. ஜொயின்ற் தேய்ந்துள்ளது.
5. சில்லின் உட்புறத்தில் தெறித்த கிறீஸ்: உறை கிழிந்துள்ளது.

சோதிக்கும் முறை

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துத் திறப்பை எடுத்துவிடுக. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துக் கியரை விடுவிக்குக. ஜக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் ஒருபோதும் செல்லலாகாது.

தண்டை இரு கைகளாலும் பற்றி முன்பின்னாக முறுக்குக. மேலுங் கீழுமாகவும் அசைக்குக. குறோஸ் தன் கிண்ணத்துள் சிறிதேனும் ஆடினால் அதனை மாற்றுதல் வேண்டும். குறோஸ் ஆடாது தண்டு மட்டும் சற்றுத் திரும்பினால், அது பின் அச்சுப் பற்களின் இடைவெளியாகும். இவ்வேறுபாட்டை அறியாதார் வீணே புதிய குறோஸ் வாங்குவர்.

பேணும் முறை

கிறீஸ் நிப்பிள் உள்ள குறோசுக்கு, நான்கு கிண்ணங்களின் விளிம்பிலும் புதிய கிறீஸ் தோன்றும்வரை கிறீஸ் கன்னால் ஏற்றுக. வாகனக் கைந்நூல் கூறும் காலத்துக்கு ஒருமுறை இதனைச் செய்தல் வேண்டும். வெள்ளத்தில் ஓடிய பின் உடனே செய்தல் நன்று. நிப்பிள் இல்லாத மூடிய வகைக்குக் கிறீஸ் ஏற்ற இயலாது. தேய்ந்தால் மாற்றவே வேண்டும்.

தண்டைக் கழற்றுமுன் பொருந்தும் பாகங்களில் அடையாளம் இடுக. பழைய நிலையிலேயே பூட்டாவிடின் புதிய நடுக்கம் தோன்றும்.

றப்பர் உறைகளை மாதந்தோறும் மடிப்புக்களை விரித்துப் பார்க்குக. உறை கிழிந்தும் ஒலி எழாதிருப்பின், மூட்டைக் கழுவி, மொலிப்டினம் கலந்த கிறீஸ் இட்டுப் புதிய உறை பூட்டலாம். ஒலி தொடங்கிய மூட்டைக் கிறீஸ் மீட்காது. அதனை மாற்றுதலே முறை.

எச்சரிக்கை

பாரமேற்றிச் செல்லும்போது நீண்ட தண்டின் முன்முனை கழன்று வீதியில் குத்தினால் வாகனம் நிலைகுலையும். மலைப்பாதையில் தண்டு முறிந்தால் எஞ்சினின் தடுப்பு விசையும் இல்லாது போகும். ஆதலின் 'டக்' ஒலி கேட்ட வாகனத்தில் பாரம் ஏற்றுமுன் சோதித்தல் வேண்டும். உறையின் விலை மூட்டின் விலையிலும் குறைவு. மூட்டின் விலையோ ஒரு லொறி மரக்கறியின் விலையிலும் குறைவு. அறுவடை தொடங்குமுன் இச்சோதனையைச் செய்துகொள்ளும் கமக்காரர், உரிய வேளையில் சந்தையை அடைவர்.