லேபர் ஆபீஸில் தீர்ப்பு கிடைக்காது

காலை ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் மாங்காடு, குமணன்சாவடி வழியாக வரிசையாகப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். ஒன்று இருங்காட்டுக்கோட்டைக்கு, ஒன்று ஸ்ரீபெரும்புதூருக்கு, இன்னொன்று ஒரகடத்துக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்களும் நம் தெருவில் உண்டு. வேலை என்று இருந்தால் தகராறும் வரும். சம்பள உயர்வு இழுபறியாகும், ஒருவரைத் திடீரென்று கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்போது யாராவது சொல்வார்கள்: “லேபர் ஆபீஸில் ஒரு கேஸ் போடு.” அந்த அலுவலகம் எப்படி அமைந்திருக்கிறது, அங்கே போனால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று ஒரு டீ குடிக்கிற நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும். தொழில் தகராறுகளில் சில மத்திய அரசின் பொறுப்பு, பெரும்பாலானவை மாநில அரசின் பொறுப்பு. சட்டத்தில் இதற்கு ‘உரிய அரசு’ என்று பெயர். ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, ரயில்வே, வங்கிகள், பெரிய துறைமுகங்கள் ஆகியவற்றின் தகராறுகள் தலைமைத் தொழிலாளர் ஆணையர் (மத்திய) என்பவரின் அமைப்புக்குப் போகும். அதன் சென்னை அலுவலகம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. அம்பத்தூர் லேத் பட்டறை, ஒரகடம் கார் கம்பெனி, பூந்தமல்லி ஜவுளிக்கடை எல்லாம் மாநில அரசின் பக்கம். ஒரே வீட்டில் அப்பா ஆவடியிலும் மகன் ஒரகடத்திலும் வேலை பார்த்தால் இருவருக்கும் வெவ்வேறு அலுவலகம்.

மாநில அரசின் பக்கத்தை மேலிருந்து பார்ப்போம். தலைமைச் செயலகத்தில் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை இருக்கிறது. அதன் கீழ் தொழிலாளர் ஆணையர். அவருடைய அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். அவருக்குக் கீழே கூடுதல் ஆணையர்கள், இணை ஆணையர்கள், துணை ஆணையர்கள், உதவி ஆணையர்கள் என்று படி இறங்குகிறது. இவர்களில் சிலருடைய பதவிப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘சமரசம்’ என்று இருக்கும். நமக்கு வேண்டியவர் அவர்தான். சட்டம் அவரைச் சமரச அலுவலர் என்கிறது. தகராறு எவ்வளவு பெரிதோ, பொதுவாக அவ்வளவு மேல் படியில் இருப்பவர் அதைக் கையில் எடுப்பார்.

அடைப்புக்குறிக்குள் ‘அமலாக்கம்’ என்று இருந்தால் அது வேறு பிரிவு. குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறார்களா, கடைகளில் வேலைநேரம் சரியாக இருக்கிறதா, குழந்தைத் தொழிலாளர் யாரும் உண்டா என்று போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் தராசு எடைக்கற்களுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் தமிழ்நாட்டில் இதே துறைதான். இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டது போன்ற ஆலைப் பாதுகாப்பு விஷயங்களுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தனியாக இருக்கிறது. ஆகவே மனு எழுதும்முன் நம் பிரச்சினை எந்த வகை என்று பிரித்துக்கொள்வது நல்லது. சட்டம் ஏற்கெனவே தந்த உரிமை கிடைக்கவில்லை என்றால் அமலாக்கம். இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றால் சமரசம்.

இனி சமரச அலுவலரின் அறைக்குள் போவோம். சங்கம் ஒரு கோரிக்கைப் பட்டியல் கொடுத்திருக்கும். அல்லது வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவர் தனியாக மனு கொடுத்திருப்பார். அப்படித் தனி ஆளும் சங்கமில்லாமல் வரலாம் என்று 1965-இல் தொழில் தகராறுகள் சட்டத்தைத் திருத்தி 2ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இன்றும் அதை ‘2ஏ மனு’ என்றுதான் சொல்வார்கள். அலுவலர் இரு தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்புவார். மேஜைக்கு இந்தப் பக்கம் சங்க நிர்வாகிகள், அந்தப் பக்கம் ஃபைலோடு எச்.ஆர். மேனேஜர். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை இந்த அறையில் இரு தரப்புக்கும் இல்லை. மனுவுக்குக் கட்டணமும் இல்லை. பேசியதை எழுதி, அடுத்த தேதி குறித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள்.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆபீசர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார், கம்பெனிக்கு உத்தரவு போடுவார் என்று நினைத்துப் போகிறோம். நான்கு வாய்தா கழித்து, “உத்தரவே போடமாட்டேன் என்கிறார், கம்பெனி ஆள் போலிருக்கிறது” என்று மனம் நொந்து திரும்புகிறோம். உத்தரவு போடும் அதிகாரம் அவருக்குச் சட்டத்திலேயே இல்லை. யார் சரி, யார் தவறு என்று சொல்வது தொழிலாளர் நீதிமன்றத்தின், தீர்ப்பாயத்தின் வேலை. சமரச அலுவலரின் வேலை, இரு தரப்பும் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வர உதவுவது.

பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிக்குப் பொதுவாக இருக்கும் அத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். சொத்தைப் பிரிக்கும் அதிகாரம் அவளுக்குக் கிடையாது. ஆனால் அவள் கூப்பிட்டால் இருவரும் வந்துதான் ஆக வேண்டும். ஒருவனிடம் மற்றவன் சொல்ல மாட்டாததை அவளிடம் சொல்வான். சமரச அறையிலும் இதுவே நடக்கிறது. சங்கம் பத்தாயிரம் கேட்கிறது, நிர்வாகம் நாலாயிரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலர் ஒரு தரப்பை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மற்றதிடம் தனியாகப் பேசுவார். எதிரெதிரே உட்கார்ந்தபோது வாயைத் திறந்து சொல்ல முடியாத ‘ஏழு வரை வரலாம்’ அப்போது வெளியே வரும். அதற்குப் பக்குவமும் பொறுமையும் வேண்டும். நல்ல சமரச அலுவலரை நாம் கொண்டாட வேண்டும்.

உத்தரவு போட முடியாது என்பதால் அவர் வெறுங்கையோடு இருக்கிறார் என்று எண்ண வேண்டாம். ஆட்களை வரச்சொல்லவும், ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. சமரசம் நடக்கும்போது, தகராறுக்குள்ளான வேலை நிலைமைகளை நிர்வாகம் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. தொழிலாளிகளுக்கும் அதே காலத்தில் வேலைநிறுத்தம் செய்யத் தடை இருக்கிறது. மிகப் பெரிய பலம் கடைசியில் வருகிறது. அவர் முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டும். சங்கத்தில் சேராதவருக்கும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவருக்கும் அது பொருந்தும். 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இதை ‘12(3) செட்டில்மென்ட்’ என்பார்கள். அலுவலர் இல்லாமல் இரு தரப்பும் தனியாகப் போட்டுக்கொள்வது ‘18(1)’. அது கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டுமே கட்டும்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததைப் பார்ப்போம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்க அங்கீகாரம், ஊதிய உயர்வு ஆகியவை கோரிக்கைகள். தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் உட்பட அமைச்சர்கள் பேசினார்கள், அதிகாரிகள் பேசினார்கள். 37-ஆவது நாள், அக்டோபர் 15 அன்று போராட்டம் முடிந்தது. அன்று எட்டிய முடிவில் ஊதியம் இவ்வளவு என்று எந்தத் தொகையும் இல்லை. தொழிலாளர் வேலைக்குத் திரும்புவார்கள், போராடியதற்காக நிர்வாகம் பழிவாங்காது, கோரிக்கைகளுக்கு நிர்வாகம் சமரச அலுவலர் முன் எழுத்துமூலம் பதில் தாக்கல் செய்யும் என்பவை அதன் சாரம். “இதற்கா இத்தனை நாள்?” என்று அப்போது சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் பதில் காகிதத்துக்கு வந்துவிட்டால் சாலையில் நின்ற பிரச்சினை மேஜைக்கு வந்துவிடும். உயர்நீதிமன்றம் வரை போன சங்கப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. அதன் பிறகும் உரசல் வந்தது. அதே ஆண்டு மே மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

சமரசம் பலிக்காவிட்டால் என்ன ஆகும்? அலுவலர் ‘ஃபெயிலியர் ரிப்போர்ட்’ கொடுப்பார். பழைய 1947 சட்டத்தில் அந்த அறிக்கை அரசுக்குப் போகும். தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்புவதா இல்லையா என்று அரசு முடிவு செய்யும். அந்த ஃபைலுக்காகப் பலர் நெடுநாள் காத்துக் கிடந்தார்கள். வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டும் நாடு முழுக்க 2010-இல் நேரடி வழி திறந்தார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த இடைப்படியை எல்லோருக்கும் எடுத்துவிட்டது. சமரசத்தை 45 நாளுக்குள் முடிக்க வேண்டும். வேலைநிறுத்த நோட்டீஸ் வந்திருந்தால் 14 நாள். முறிந்தால் 90 நாளுக்குள் யாரும் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஆரம்பத்திலேயே தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அலுவலருக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் சென்னை மாகாணத் தொழிலாளர் அமைச்சராகவும், பிறகு மத்திய அமைச்சராகவும் இருந்த வி.வி. கிரி இதை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர். தீர்ப்பில் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார். மறுநாள் காலை இருவரும் அதே ஆலைக்குள் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும். தாங்களே ஒப்புக்கொண்ட முடிவைத்தான் இருவரும் மனதாரக் காப்பாற்றுவார்கள். வழக்கு மேல்முறையீடு என்று இழுத்தால் கம்பெனி தாங்கும், மாதச் சம்பளக்காரர் தாங்க மாட்டார் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு அப்படி ஒரு நாள் வந்தால் கலங்காமல் போங்கள். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், நிர்வாகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள். மனுவில் நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் புதிய சட்டப்படி சமரசமே நடத்த முடியாது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். எந்த அளவுக்கு இறங்கி வருவீர்கள் என்பதையும் போகும்முன் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த அறையில் முடிவை எடுக்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்.