விடையாகும் வினா: ஒரு பாத்திரமேற்பு விளையாட்டும் ஆட்டிச மொழிநடையும்

1. முன்னுரை

வினாவின் வடிவம் ஒன்றாகவும் நோக்கம் வேறாகவும் அமைவது மொழிகளில் பரவலாகக் காணப்படும் இயல்பாகும். மைசூரில் அறிந்தவர் இருவர் எதிர்ப்படும்போது கன்னடத்தில் ‘ஊட்டா ஆயித்தா?’ என்றும் தமிழில் ‘சாப்பிட்டாச்சா?’ என்றும் கேட்பது நலம் உசாவுதற்கே. உணவு பற்றிய செய்தி அறிதற்கன்று. கேட்கப்படுபவர் வடிவத்தைக் கடந்து நோக்கத்தை உணர்வார் என்பது கேட்பவரின் எதிர்பார்ப்பு. இவ்வெதிர்பார்ப்பு பெரும்பாலும் எவராலும் சொல்லித் தரப்படுவதில்லை. ஆட்டிசம் உடையோர் பலருக்கு உரையாடல் கடினமாகும் இடங்களுள் இது முதன்மையானது.

சொல்லாமல் விடப்படும் இத்தகைய விதிகளைத் திரையில் வெளிப்படையாக நிறுத்திக் காட்டும் பனுவல் ஒன்று உண்டு. யூஜி ஹோரி வடிவமைத்து, ஜப்பானில் எனிக்ஸ் நிறுவனம் 1986 மே 27 அன்று வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் வீடியோ விளையாட்டே அது. பாத்திரமேற்பு விளையாட்டுகளுள் செவ்வியல் தகுதி பெற்ற இதன் உரையாடல் அமைப்பை ஆட்டிச மொழிநடை பற்றிய ஆய்வுகளின் துணைகொண்டு விளக்குவதும், மொழிபெயர்ப்பாளர் அதனால் பெறத்தக்க பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டைப் படைத்தவர்கள் ஆட்டிசத்தை மனத்திற்கொண்டிருந்தனர் என்று இங்குக் கூறப்படவில்லை. இது ஒரு வாசிப்பு முறையாகும்.

2. விளையாட்டின் உரையாடல் அமைப்பு

கதை எளியது. தனி வீரன் ஒருவன் நாட்டைச் சுற்றி அலைந்து, சிறைப்பட்ட இளவரசி லோராவை மீட்டு, டிராகன் அரசனை வெல்கிறான். ஆடுபவர் அவ்வீரனின் இடத்தில் நின்று ஒவ்வொரு செயலையும் பட்டியலிலிருந்து தெரிவு செய்தல் வேண்டும். பேசுதல், தேடுதல், கதவைத் திறத்தல் ஆகியவற்றிற்குத் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. படிக்கட்டில் ஏறி இறங்குவதற்குக்கூடத் தனிக் கட்டளை உண்டு. ஜப்பானிய மூலத்தில் பேசு என்று தெரிவு செய்தாலும் போதாது. எத்திசையில் நிற்பவரிடம் பேசவேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1987இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே படிக்கட்டுக்கான கட்டளை நீக்கப்பட்டது. பெரும்பாலோர்க்கு அது வீண் சுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும், உரையாடலைத் தொடங்குவது எப்படி, யாரை நோக்கித் திரும்புவது என்பவற்றை நாள்தோறும் எண்ணி எண்ணிச் செய்யும் ஒருவருக்கு, முதற்பாகத்தின் பட்டியல் தம் அன்றாட உழைப்பின் நேரிய படமாகத் தோன்றக்கூடும்.

ஊர் மக்களின் பேச்சும் கருதத்தக்கது. ஒருவரிடம் பத்து முறை பேசினாலும், கதையில் மாற்றம் நேரும்வரை, அவர் அதே தொடரையே சொல்வார். அத்தொடர் பொருளற்றதன்று. எந்த ஊருக்குச் செல்ல வேண்டும், எப்பொருளைத் தேட வேண்டும் என்னும் குறிப்பு அதில் அடங்கியிருக்கும். திரும்பத் திரும்ப வருவதாலேயே அதனைப் புறக்கணிக்கும் ஆட்டக்காரர் வழி தவறுவார்.

வீரனின் பேச்சோ ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டனுள் அடங்கும். மீட்கப்பட்ட லோரா தன்னை அரண்மனைக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்கும்போது இவ்விரண்டும் திரையில் தோன்றும். ‘இல்லை’ என்றால் அவள் வருந்தி அதே வினாவை மீண்டும் கேட்பாள்; ‘ஆம்’ என்னும் வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். டிராகன் அரசன் உலகில் பாதியைத் தருவதாகச் சொல்லித் தன்னுடன் சேருமாறு கேட்கும்போதும் அதே இரண்டு விடைகளே தோன்றும். இங்கு ‘ஆம்’ என்றால் ஆட்டம் தோல்வியில் முடிந்துவிடும். இரு வினாக்களுக்கும் வடிவில் வேறுபாடில்லை. முன்னதில் விடை முன்பே முடிவாகிவிட்டது; பின்னதில் விடையே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. எது எத்தகையது என்பதைத் திரை அறிவிப்பதில்லை.

3. எதிரொலிப் பேச்சு பற்றிய ஆய்வுகள்

லியோ கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை ஆட்டிச ஆய்வின் தொடக்கங்களுள் ஒன்று. கேட்ட தொடரை அப்படியே திருப்பிச் சொல்லுதல், தன்மை முன்னிலைப் பெயர்களை மாற்றி வழங்குதல் ஆகியவற்றை அவர் பதிவு செய்தார். அக்கட்டுரையில் வரும் டொனால்ட் என்னும் சிறுவனுக்கு அவன் தந்தை ‘ஆம்’ என்னும் சொல்லைக் கற்பிக்க முயன்றார். தோளில் தூக்கிக்கொள்ளவா என்று கேட்டு, வேண்டுமானால் ‘ஆம்’ என்று சொல்லுமாறு பணித்தார். சிறுவன் சொன்னான். அதன்பின் அவனுக்கு ‘ஆம்’ என்பதன் பொருளே தோளில் ஏற விரும்புதல் என்றாயிற்று.

1946இல் கானர் எழுதிய மற்றொரு கட்டுரை, தொடர்பற்றதாகத் தோன்றும் பேச்சுக்கும் தோற்றுவாய் உண்டு என்பதைக் காட்டியது. தாய் ஒரு குழந்தைப் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சமையற்பாத்திரம் கைநழுவி விழுந்தது. அதன்பின் அவள் மகன் பாத்திரம் போன்ற எதனைக் கண்டாலும் அப்பாட்டின் சொற்களைக் கூறினான். பாத்திரத்தின் பெயராக அவை அவனுக்கு அமைந்துவிட்டன. அந்நிகழ்ச்சியை அறியாதவர்க்கு அது பிதற்றல். அறிந்தவர்க்கு அது பெயர்ச்சொல்.

1981இல் பிரிசன்ட், டக்கன் இருவரும், உடனடி எதிரொலிப் பேச்சில் ஏழு பயன்களை வகுத்துக் காட்டினர். தன் முறை வந்தபோது பேச்சை நிரப்புதல், உடன்பாடு தெரிவித்தல், வேண்டுதல் முதலியன அவற்றுள் அடங்கும். 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 கையேடு எதிரொலிப் பேச்சை இன்றும் திரும்பத் திரும்ப நிகழும் நடத்தைகளின் பட்டியலிலேயே வைத்துள்ளது. அடையாளம் காண்பதற்கு அவ்வகைப்பாடு உதவும். பொருள் காண்பதற்கு அது போதாது.

4. நன்னூல் வழி ஒரு விளக்கம்

இவ்விடத்தில் தமிழ் இலக்கண மரபு துணை செய்கிறது. 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூல், வினாவை வடிவத்தால் பகுக்காமல் வினவுவோரின் நோக்கத்தால் அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கிறது. எட்டு வகை விடைகளுள் ஒன்றாக வினா எதிர் வினாதலையும் கொள்கிறது. வினாவே விடையாதல் தமிழ் இலக்கணத்தார்க்குப் புதிதன்று.

தாய் ‘பால் வேணுமா?’ என்கிறாள். கொடுக்கும் கருத்துடையதாதலின் இது கொடைவினா. குழந்தையும் ‘பால் வேணுமா’ என்றே சொல்கிறது. பெறும் கருத்துடையதாதலின் அதே தொடர் இப்போது கொளல்வினாவாகிறது. சொல் மாறவில்லை, நோக்கம் மாறியுள்ளது. மேலும், தமிழில் உடன்பாட்டு விடை பெரும்பாலும் வினாவிலுள்ள வினையைத் திருப்பிச் சொல்வதாலேயே அமைகிறது. ‘வேணுமா?’ என்பதற்கு ‘வேணும்’ என்பதே இயல்பான விடை. கன்னடத்திலும் ‘பேக்கா?’ என்பதற்கு ‘பேக்கு’ என்பதே விடை. எதிரொலிக்கும் குழந்தையின் தொடருக்கும் பிறர் கூறும் விடைக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆகார வினா எழுத்து ஒன்றே. ‘வேணும்’ என்பது இடம் காட்டும் விகுதி பெறாததால், ஆங்கிலத்தில் கானர் கண்ட பெயர் மாற்றமும் இங்குத் தோன்ற வாய்ப்பில்லை. ‘வர்றியா’ போன்ற வினைகளிலேயே அது விகுதி வழியாக வெளிப்படும். எனவே, ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனைத் தாள்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தமிழ்க் குழந்தைகளிடம் பயன்படுத்தினால், இருப்பது தெரியாமலும் இல்லாதது தெரிவதாகவும் ஆகக்கூடும்.

இவ்வகைப்பாட்டின்படி லோராவின் வினா ஏவல்வினா. டிராகன் அரசனின் வினா வடிவில் கொடைவினா, கருத்தில் வஞ்சம். வடிவத்தை மட்டும் நம்பும் ஆட்டக்காரர் முன்னதில் சலிப்புறுகிறார், பின்னதில் தோற்கிறார். வகுப்பறையில் ‘கதவைச் சாத்துகிறாயா?’ என்று ஆசிரியர் கேட்கும்போது ‘இல்லை’ என்று உண்மையாக விடை கூறும் மாணவனின் நிலையும் இதுவே. அவன் பணிய மறுக்கவில்லை; வினவப்பட்டதாக எண்ணி விடையளித்தான். 2012இல் டேமியன் மில்டன் முன்வைத்த இருவழிப் பரிவுச் சிக்கல் என்னும் கருத்து இதனோடு பொருந்தும். புரியாமை ஒருவரிடம் மட்டும் உள்ள குறையன்று. வேறுபட்ட இருவரிடையே எழுவது என்பது அவர் கருத்து.

5. மொழிபெயர்ப்பாளர்க்குச் சில கருத்துகள்

1989இல் அமெரிக்காவில் ‘டிராகன் வாரியர்’ என்னும் பெயரில் வெளிவந்த ஆங்கில வடிவம் பழைய ஆங்கில முன்னிலைச் சொற்களைக் கையாண்டது. தமிழில் பெயர்ப்பவர் நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வினைமுற்றும் அதற்கேற்ப அமையும். ஊர் மக்கள் ஒவ்வொருவர்க்கும் ஒரு முன்னிலை வடிவத்தை வரையறுத்து இறுதிவரை மாற்றாதிருத்தல் நன்று. ஒரே தொடர் திரும்ப வரும் இடங்களில் நடை அழகு கருதிச் சொற்களை மாற்றுவது மூலத்தின் அமைப்பையே சிதைக்கும்.

‘இல்லை’ என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழில் இடத்திற்கேற்ப இல்லை, வேண்டாம், மாட்டேன், அன்று எனப் பல வடிவங்கள் உண்டு. லோராவுக்கு ‘மாட்டேன்’ என்றும் டிராகன் அரசனுக்கு ‘வேண்டாம்’ என்றும் பெயர்த்தால் தமிழ் இயல்பாகும். ஆனால் இரு வினாக்களும் ஒரே வடிவின என்னும் உண்மை மறைந்துவிடும். ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இணையையே நிலையாக வைத்து, அதற்கேற்ப வினாத்தொடர்களை ‘சம்மதமா?’ என முடித்தல் ஒரு வழியாகும்.

துறைச்சொல்லும் சிந்திக்கத்தக்கது. மதியிறுக்கம் என்னும் சொல் வழக்கிலுள்ளது. அது மதி இறுகியது என்னும் முடிவைத் தன்னுள் கொண்டுள்ளது. எதிரொலிக்குள் நோக்கம் உண்டென்று ஏற்ற பின் அம்முடிவு பொருந்தாது. எஸ். பாலபாரதி 2013இல் வெளியிட்ட ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்னும் நூலின் தலைப்பிற்போல, ஆட்டிசம் என்னும் கடன்சொல்லையே கொள்வது தீர்ப்பேதும் கூறாத வழியாகும்.

6. முடிவுரை

விளையாட்டின் முடிவில் அரசன் தன் ஆட்சியை வீரனுக்கு அளிக்க முன்வருகிறான். அப்போது விடைப்பட்டியல் தோன்றுவதில்லை. அதுவரை இரண்டு சொற்களுள் அடங்கியிருந்த வீரன், தான் ஆளும் நாட்டைத் தானே கண்டறிய விரும்புவதாக முழுத்தொடரில் கூறி மறுக்கிறான். பேசாதிருந்தவனுக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது என்பதை ஆட்டக்காரர் அங்கு அறிகிறார்.

மைசூரு மானசகங்கோத்ரியில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனமும் அண்மையில் அமைந்துள்ளன. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்கும் குழந்தைகள் வாழும் நகரம் இது. ஆட்டிசம் உடைய குழந்தை எம்மொழியின் வினாவை, எப்போது, யாரிடம், எந்நோக்கத்தோடு திருப்பிச் சொல்கிறது என்பதைத் தொகுத்து, வினா வகைகளின் வழி ஆராய்தல் மொழியியலாரும் பேச்சுப் பயிற்சியாளரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். எதிரொலியை நிறுத்துவதற்கு முன் அது எவ்வகை வினா என்று கேட்டறிதல் முதற்படி.